கபாடபுரத்துக்கு அர்த்தம் சொன்னவர்கள்

1

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது கல்லூரித் தமிழ் மன்ற மலரில் என் முதல் கட்டுரை வந்தது. தலைப்பு: 'கபாடபுரம் - பெயர் சொல்லும் வரலாறு'. கடல் கொண்ட பாண்டியர் தலைநகரின் பெயர் தூய தமிழ்தான் என்று நான்கு பக்கத்தில் நிறுவியிருந்தேன். கப்பல் ஆடும் புரம். அது மருவி கப்பலாடுபுரம். அதுவும் தேய்ந்து கபாடபுரம். துறைமுக நகரம், அலையில் கப்பல் ஆடுகிறது, பெயரே அதைச் சொல்கிறது, வேறென்ன ஆதாரம் வேண்டும்? நடுவில் ஒரு 'ல'கரம் எங்கே போச்சு, 'ப்ப' எப்படி 'ப' ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கட்டுரையைப் பாராட்டியவர்களில் முக்கியமானவர் என் அப்பா. ஆம்பூரில் ஒரு டேனரியில் வேலை பார்த்தார். காட்பாடியில் ஏறி ஆம்பூரில் இறங்குவார், சாயங்காலம் அதே மாதிரி திரும்புவார். கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ரயில் சினேகிதர்களுக்குப் படித்துக் காட்டுவாராம். "எங்க பையன் எழுதினது. ரெண்டாம் சங்கம் இருந்த ஊரு. கடல் எடுத்துட்டுப் போயிடுச்சி."

ஒரு விடுமுறையில் நானும் அவரோடு அந்த ரயிலில் திரும்பி வந்தேன். அப்பா உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர் எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டார். காற்றுக்காகப் போகிறவர் மாதிரிதான் போனார். தோல் வாசனை சோப்புக்குப் போகாது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஜெராக்ஸை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். அந்த நான்கு பக்கம் அவருக்கு என்னவாக இருந்தது என்பது எனக்குப் புரிய இன்னும் பல வருடங்கள் ஆயின.

போன மாதம் பரண் ஒதுக்கும்போது அந்த ஜெராக்ஸ் கிடைத்தது. மடிப்புகளில் எழுத்து உதிர்ந்திருந்தது. நான் எழுதியது போன்ற கட்டுரைகள் இன்றும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆகவே இது அந்த வகைக் கட்டுரைகளைப் பற்றிய விமர்சனம். முதல் குற்றவாளி நான்.

2

முதலில் கபாடபுரத்தைப் பற்றி நமக்கு உண்மையில் என்ன கிடைத்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். கொஞ்சம்தான் கிடைத்திருக்கிறது.

இறையனார் அகப்பொருளுக்கு நக்கீரர் பெயரில் வழங்கும் உரை இருக்கிறது. முச்சங்கக் கதையின் ஊற்று அதுதான். முதல் சங்கம் கடல்கொள்ளப்பட்ட மதுரையில் 4440 ஆண்டு. இரண்டாவது கபாடபுரத்தில் 3700 ஆண்டு. மூன்றாவது இன்றைய மதுரையில் 1850 ஆண்டு. கபாடபுரத்தில் வெண்டேர்ச்செழியன் முதல் முடத்திருமாறன் வரை 59 அரசர்கள். தொல்காப்பியம் அங்கே இலக்கண நூலாக இருந்தது. பிறகு கடல் வந்தது.

இந்த உரை பாண்டிக்கோவைப் பாடல்களை மேற்கோள் காட்டுகிறது. அதனால் இன்றைய வடிவம் எட்டாம் நூற்றாண்டையொட்டி வந்திருக்கும் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. உரையே தன் பிறப்பை மறைக்கவில்லை. நக்கீரரிடமிருந்து பத்துத் தலைமுறை வாய்மொழியாகக் கைமாறி முசிறி நீலகண்டனாரிடம் வந்தது என்று சொல்லிவிடுகிறது.

எண்களை ஒரு முறை வகுத்துப் பாருங்கள். 4440, 3700, 1850 மூன்றும் 37ஆல் மீதியின்றி வகுபடும். 120 மடங்கு, 100 மடங்கு, 50 மடங்கு. அரசர்கள் 89, 59, 49. சங்கத்தில் வீற்றிருந்தோர் 549, 59, 49. எல்லாம் ஒன்பதில் முடிகின்றன. டேட்டாபேஸில் இப்படி ஒரு நிரல் வந்தால் யாரோ கையால் நிரப்பியிருக்கிறார்கள் என்று உடனே சந்தேகப்படுவோம். நான் இதைப் பொய் என்று சொல்ல வரவில்லை. செய்யுளுக்குத் தளை பார்ப்பதுபோல காலத்துக்கும் தளை பார்த்துக் கட்டிய ஒரு மனம் இதில் வேலை செய்திருக்கிறது. அந்த மனத்தை வரலாற்றுப் பதிவாளராகப் படித்தால் ஏமாற்றம். ஆசிரியராகப் படித்தால் பிரமிப்பு.

கடல்கோள் நினைவு இந்த உரைக்கும் முந்தியது. கலித்தொகையில் கடல் நிலத்தை எடுத்துக்கொள்ள, பாண்டியன் வேறு நிலம் வென்று ஈடுசெய்கிறான். சிலப்பதிகாரத்தில் பஃறுளி ஆறும் குமரிக்கோடும் கடலுக்குள் போகின்றன. இரண்டிலும் கபாடபுரம் என்ற பெயர் இல்லை.

பெயருக்கு நெருக்கமான சொல் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது, இரண்டும் வடமொழி நூல்கள். வால்மீகி ராமாயணம் கிட்கிந்தா காண்டத்தில், சீதையைத் தேடித் தெற்கே போகும் வானரர்களுக்கு சுக்ரீவன் வழி சொல்கிறான். பொன்னால் ஆன, முத்தும் மணியும் பதித்த பாண்டியர்களின் 'கவாட'த்தைக் காண்பீர்கள் என்கிறான். கவாடம், கபாடம் என்றால் கதவு. ஒரு ஊரின் கோட்டைக் கதவைச் சொல்கிறானா, கவாடம் என்ற ஊரையே சொல்கிறானா? அந்த இடத்தை இரண்டு விதமாகவும் படிக்க முடியும், படித்தும் இருக்கிறார்கள். அடுத்தது அர்த்தசாஸ்திரம். முத்து வகைகளைப் பட்டியலிடும்போது தாமிரபரணி முத்துக்கு அடுத்து 'பாண்டிய கவாடகம்' என்றொரு வகை வருகிறது. அதற்கு உரை எழுதியவர் அது பாண்டிய நாட்டு மலை ஒன்றின் பெயர் என்று விளக்குகிறார்.

ஆக ஒரே சொல் கதவாகவும் ஊராகவும் மலையாகவும் நிற்கிறது. கையிருப்பு இவ்வளவுதான். இந்தக் கொஞ்சத்தின் மேல்தான் நாம் மாடி மேல் மாடி கட்டினோம்.

3

கட்டியவர்களை இரண்டு கட்சியாகப் பிரிக்கலாம்.

ஒரு கட்சிக்குக் கபாடம் வடசொல். ஆகவே கபாடபுரம் வடமொழிக்காரர் கட்டிவிட்ட கதை, விஷயம் முடிந்தது. இன்னொரு கட்சிக்கு அது தமிழ். கதவம் என்ற சொல் சங்கப் பாடல்களிலேயே உண்டு, அதுதான் கவாடமாகி, கபாடமாகி வடக்கே போனது என்பார்கள். இந்த இரண்டாம் வாதத்தைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. தமிழில் எழுத்துகள் இடம் மாறுவது உண்மையில் நடக்கும். விசிறி சிவிறி ஆகிறது, தசை சதை ஆகிறது. கிராமத்தில் குதிரையைக் குருதை என்பார்கள், மதுரையை மருதை என்பார்கள்.

ஆனால் அதே வாதத்தைப் படிப்படியாக ஓட்டிப் பாருங்கள். கதவம் இடம் மாறினால் கவதம்தான் வரும். கவதம் கவாடம் ஆக வேண்டுமென்றால் 'வ' நீள வேண்டும், 'த' 'ட' ஆக வேண்டும். அப்புறம் 'வா' 'பா' ஆக வேண்டும். ஒரு சொல்லுக்கு மூன்று தனிச் சலுகை. வேலையில் இதை நான் தினமும் பார்க்கிறேன். டெஸ்ட் பாஸ் ஆகவில்லையென்றால் அந்த ஒரு டெஸ்டுக்காகவே ஒரு 'இஃப்' எழுதிவிடுவது. பச்சை விளக்கு எரியும். நிரல் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

உண்மையான சொற்பிறப்பு ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்கு நம் பக்கத்து வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. தமிழில் சேரி, கன்னடத்தில் கேரி. தமிழில் செய், கன்னடத்தில் கெய். இகரம், எகரம் முன்னால் பழைய 'க' தமிழில் 'ச' ஆகியிருக்கிறது. அப்படியானால் கிளி ஏன் சிளி ஆகவில்லை? கேள் ஏன் சேள் ஆகவில்லை? அதற்கும் பதில் இருக்கிறது. அடுத்து நாக்கை மடித்துச் சொல்லும் ள, ழ, ட, ண போன்ற ஒலி வந்தால் பெரும்பாலும் இந்த மாற்றம் நின்றுவிடும். கிழங்கு, கெடு எல்லாம் அப்படியே நிற்பது அதனால்தான். இங்கே விலகலுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது, அந்த ஒழுங்கை நூறு சொற்களில் சோதித்துப் பார்க்கலாம், தப்பென்றால் தப்பென்று தெரிந்துவிடும்.

என் 'கப்பலாடுபுர'த்தில் தப்பென்று தெரிவதற்கு வழியே இல்லை. எந்த எழுத்தையும் தேய்க்கலாம், எதையும் நீட்டலாம் என்றால் அதே முறையில் கபாடபுரத்தைக் 'காப்பாடுபுரம்' என்று பிரித்து அங்கே காப்பு செய்தார்கள் என்றும் எழுதலாம். எல்லா வரியோடும் பொருந்துகிற ரீஜெக்ஸ் எதையும் தேடித் தராது.

4

சரி, ஒரு பேச்சுக்கு, கபாடம் என்ற சொல் எந்த மொழியுடையது என்று நாளைக்கே ஐயமின்றித் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஊரைப் பற்றி என்ன தெரியவரும்?

வேதாரண்யம் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ஊரை யோசித்துப் பாருங்கள். வடமொழிப் பெயர். ஆனால் தேவாரத்தில் அது மறைக்காடு. முதுகுன்றம்தான் விருத்தாசலம். எங்கள் பாலாற்றுக்குக்கூட க்ஷீரநதி என்று ஒரு பெயர் உண்டு. நம் நாட்டில் ஊரும் ஆறும் மொழிபெயர்க்கப்பட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன. கபாடபுரமும் வேறொரு பெயரின் மொழிபெயர்ப்பாக இருந்திருக்கலாம். அப்படியிருந்தால் சொல் வடமொழி என்பதால் ஊர் பொய் ஆகாது. அதேபோல சொல் தமிழ் என்பதால் ஊர் மெய்யும் ஆகாது. இரண்டு கட்சிக்கும் இந்த இடத்தில் வேலை இல்லை.

இந்தச் சிக்கலை பிளேட்டோ நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். அட்லாண்டிஸ் கதை சொல்லும் 'கிரிட்டியஸ்' நூலில், கதைக்குள் போகும் முன் ஒரு எச்சரிக்கை வருகிறது: இதில் அந்நியர்களுக்குக் கிரேக்கப் பெயர்கள் இருப்பதைக் கண்டு வியக்காதீர்கள், எகிப்தியர் அந்தப் பெயர்களைத் தம் மொழியில் பெயர்த்து வைத்திருந்தார்கள், சோலோன் அவற்றின் பொருளறிந்து கிரேக்கத்தில் பெயர்த்தார். அதாவது அட்லாண்டிஸ் என்பது மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு என்று கதையே சொல்கிறது. அப்படியும் 1882இல் இக்னேஷியஸ் டொனெல்லி அந்தப் பெயருக்கு மெக்ஸிகோவில் வேர் தேடினார். அங்கே நாவாட்டில் மொழியில் 'ஆட்ல்' என்றால் தண்ணீர். அட்லாண்டிஸ், ஆட்ல், தண்ணீர், முழுகின கண்டம். என் கப்பல் ஆடிய அதே கடலில்தான் அவருடைய கப்பலும் ஆடியிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஊர் பாபிலோன். அக்காடிய மொழியில் 'பாப் இலி', கடவுளின் வாசல். அதுவும் கதவு ஊர்தான். ஆனால் இந்த அர்த்தமே பிற்காலத்தில் ஒட்டியது, அடியில் இருந்தது பொருள் தெரியாத இன்னும் பழைய பெயர் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. பைபிளின் ஆதியாகமம் இன்னொரு அர்த்தம் சொல்கிறது: மொழிகள் குழம்பிய இடம், எபிரேயத்தில் குழப்பு என்ற வினைச்சொல்லிலிருந்து பாபேல். ஒரு ஊருக்கு இத்தனை அர்த்தம், எதுவும் உறுதியில்லை. ஆனால் பாபிலோன் இருந்ததில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஏனென்றால் ராபர்ட் கோல்டிவை 1899 முதல் 1917 வரை அங்கே தோண்டினார். நீலச் செங்கல் பதித்த அதன் வாசல் ஒன்று திரும்ப அடுக்கப்பட்டு இன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பெயர் குழம்பினாலும் ஊர் நிற்கும். பெயர் எவ்வளவு பொருந்தினாலும், செங்கல் கிடைக்காதவரை அது சொல்தான்.

5

அப்படியென்றால் ஏன் இத்தனை பேர் இதையே செய்துகொண்டிருந்தோம்?

எங்கள் பக்கம் வாருங்கள். வாணியம்பாடிக்குக் கோயில் புராணம் சொல்லும் அர்த்தம், வாணி பாடிய ஊர். குரலிழந்த சரஸ்வதி இங்கே வந்து வழிபட்டுக் குரல் பெற்றுப் பாடினாள். பக்கத்திலேயே இன்னொரு அர்த்தமும் நிற்கிறது. வாணியர், அதாவது எண்ணெய் ஆட்டியவர்கள், குடியிருந்த பாடி. பாடி என்றால் குடியிருப்பு, ஆயர் ஊர், படை தங்கும் இடம். காட்பாடியைக் காட்டுப்பாடி என்று பிரிப்பதும் அந்தப் பாடியை வைத்துத்தான். எண்ணெய் ஆட்டியவர்களின் ஊர் என்பதை விட சரஸ்வதி பாடிய ஊர் என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது? பெயருக்கு அர்த்தம் தேடும்போது நாம் பெரும்பாலும் தேடுவது மரியாதையை. செக்கை எடுத்துவிட்டு வீணையை வைப்பது அதற்காகத்தான்.

கபாடபுரத்துக்கு நடந்ததும் இதன் பெரிய வடிவம். 1864இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்க்லேட்டர், மடகாஸ்கர் லெமூர்களின் உறவினங்கள் இந்தியப் பக்கமும் இருப்பதை விளக்க ஒரு முழுகிய நிலத்தை ஊகித்து லெமூரியா என்று பெயர் வைத்தார். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் அறிவியலுக்கு அந்த நிலம் தேவைப்படவில்லை. நமக்குத் தேவைப்பட்டது. 'மொழி இல்லை, வரலாறு இல்லை, எல்லாம் வடக்கிலிருந்து வந்தது' என்று சொல்லப்பட்ட காலத்தில் குமரி நாடு ஒரு பதில். தேவநேயப் பாவாணர் 1966இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில் தமிழின் பிறப்பிடமாக அந்நிலத்தையே வைத்தார். சொல் சொல்லாகத் திரட்டிய அவருடைய உழைப்பின் முன் நான் நிற்க முடியாது. ஆனால் அவருடைய உழைப்பை விட்டுவிட்டு முடிவுகளை மட்டும் எடுத்துக்கொண்ட என்னைப் போன்றவர்கள்தான் அடுத்த ஐம்பது வருடத்துக்கு எழுதினோம்.

புனைகதைக்காரர்கள் இதில் எங்களை விட நேர்மையாக இருந்தார்கள். புதுமைப்பித்தன் 'கபாடபுரம்' என்று ஒரு சிறுகதை எழுதினார், நா. பார்த்தசாரதி அதே பெயரில் நாவல் எழுதினார். இருவரும் கதை என்று சொல்லித்தான் அந்த ஊருக்குள் நம்மை அழைத்துப்போனார்கள். கதையில் நகரம் எழுவதற்கு மெய்ப்பு தேவையில்லை. அதே கனவுக்கு இலக்கணச் சட்டை போட்டு ஆய்வு என்று நடத்தும்போதுதான் கோளாறு. கனவும் கெடுகிறது, இலக்கணமும் கெடுகிறது.

6

இதையெல்லாம் போன மாதம் அப்பாவிடம் சொன்னேன். இப்போது ஓய்வில் இருக்கிறார். ஜெராக்ஸைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ நீ எழுதினது இன்னா, பொய்யா?"

"தப்புப்பா."

"ஊரும் இல்லையா?"

"ஊர் இருந்துச்சா இல்லையான்னு அந்தப் பேர வச்சு சொல்ல முடியாது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கிவிட்டேன் என்று தெரிந்தது. ஈடாக என்ன இருக்கிறது என்று தேடி, போனில் மதுரைக்கு அருகே அழகர்மலைக் குகையின் தமிழி கல்வெட்டுகளைக் காட்டினேன். ஈராயிரம் ஆண்டுப் பழமை. அதில் மதுரை 'மதிரை' என்றே வெட்டியிருக்கிறது. மதுரம், மருதம் என்று ஆளுக்கொரு வேர் சொல்லிக்கொண்டிருந்த பெயருக்கு, உளி பட்ட ஒரு பழைய வடிவம். அதை மதிலோடு இணைத்துப் பார்க்கிறவர்களும் உண்டு. அப்பாவுக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. பெயர்களைக் கடந்து அடுத்த சொற்களில் விரலை வைத்தார். "இது இன்னா?"

மதிரைப் பொற்கொல்லன். உப்பு வணிகன். பாணித வணிகன், அதாவது வெல்லப்பாகு விற்றவன். கொழு வணிகன், கலப்பைக் கொழு விற்றவன். துணி விற்ற அறுவை வணிகன். துறவிகளுக்குக் கற்படுக்கை செய்துகொடுத்த செய்தியோடு ஒவ்வொருவனும் தன் தொழிலைச் சொல்லிப் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறான்.

"உப்பு யாவாரி பேரு கூடவா?"

"ஆமாம்பா."

"தோல்காரன் கீறானா?"

நான் படித்தவரை அந்தக் குகையில் இல்லை. வேறு இடத்தில் நெருக்கமான ஒருவர் இருக்கிறார், அவரைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துச் சொன்னேன். புறநானூற்றின் 82ஆம் பாடல். ஒரு தொழிலாளி வாரும் ஊசியுமாகக் கட்டில் பின்னுகிறான். ஊரில் விழா. வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம். மழை பெய்கிறது, பொழுது சாய்கிறது. அவன் ஊசி எவ்வளவு வேகமாக ஓடுமோ அவ்வளவு வேகத்தில் நடந்தது அரசனின் போர் என்கிறார் புலவர். ஒரு உவமைக்காக வந்து போகிறவன். பெயர் இல்லை. தாழ்ந்தவன் என்று பொருள்படும் ஒரு சொல்லால்தான் சுட்டப்படுகிறான்.

அப்பா சிரித்தார். கசப்பா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை. "அந்தக் காலத்துலயும் ரயில்ல எழுந்து போயிருப்பானுங்க" என்றார்.

அன்று ரயிலில் அவர் கவனித்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

என் பழைய கட்டுரையில் உண்மையில் என்ன தவறு என்று அந்த ஒரு வரியில் புரிந்தது. எழுத்துப் பிழை, ஒலி விதி எல்லாம் இரண்டாம் பட்சம். பொற்கதவும் முத்தும் பதித்த ஒரு நகரத்தை அப்பாவின் சட்டைப் பையில் கொண்டுபோய் வைத்தேன். அந்த நகரத்தில் தோலை ஊறவைத்தவன் எந்தத் தெருவில் இருந்தான், அவன் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று ஒரு வரி யோசிக்கவில்லை. பெயரைப் பிரித்துக்கொண்டே இருந்தால் அந்தக் கேள்வி வராது. அந்தக் குகையும் அந்தப் பாடலும் கையில் இருந்தால் வரும். அவற்றைப் படிப்பது பெருமைக்குக் கொஞ்சம் சிரமம் தரும். ஆனால் அங்கேதான் மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோல் ஊறியது, பிறகு குரோமியம் வந்தது. பாலாற்றுக்கு என்ன ஆனது என்பது 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. பட்டை ஊறிய குழியை என்னவென்று கூப்பிட்டார்கள், பதத்துக்கு வந்த தோலைத் தொட்டுப் பார்த்து என்ன சொல்வார்கள் என்று அப்பாவின் வயதுக்காரர்களுக்குத்தான் தெரியும். அவர்களோடு முழுகப்போகிற சொற்கள் அவை. எந்தக் கடலும் தேவையில்லை.

அப்பா ஜெராக்ஸை மறுபடி மடித்தார். தூக்கிப் போடவில்லை, பீரோவில் வைத்தார். நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்திருக்கிறேன். தினம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சொல்லச்சொல்ல எழுதிக்கொள்கிறேன். அர்த்தம் எதுவும் எழுதுவதில்லை. சொல்லை மட்டும், அவர் சொல்கிற மாதிரியே.